பைப்புக்காரர் அடைத்த பெட்டி

என் அக்கா புருஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்று மெதுவாக வரும். படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் திட்டுகிற ஆள் எனக்கு வேண்டாதவர் இல்லை, என் சொந்த அத்தான்.

தெருவில் அவருக்குப் பைப்புக்காரர் என்று பெயர். முப்பத்தோரு வருஷமாகக் குழாய் வேலை. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் எங்கே ஒழுகுகிறது என்று கேட்க மாட்டார். வீட்டுக்காரர்கள் ஏதோ சொல்ல வாயெடுப்பார்கள், கையைக் காட்டி நிறுத்திவிடுவார். சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போவார். ஓரிடத்தில் நிற்பார். உளியை எடுப்பார். பத்துக்கு ஒன்பது தடவை சரியாக இருக்கும். பத்தாவது தடவை நல்ல சுவரைப் பெயர்த்துவிடுவார்.

அப்படித்தான் ஒரு மூன்றாவது மாடி வீட்டில், ஒழுகாத குளியலறையை உடைத்து வைத்தார். வீட்டுக்காரம்மா கத்து கத்தென்று கத்தினாள். இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் தன் சொந்த வேலையை விட்டுவிட்டு அங்கேயே கிடந்து, சுவரைப் பூசி, ஓடு பதித்து, முன்பிருந்ததைவிட நன்றாகச் செய்து கொடுத்துவிட்டு வந்தார். "தப்பாயிடுச்சும்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தம்மா காபி போட்டுக் கொடுத்திருக்கும். அது மட்டும் வராது. கையால் ஆயிரம் செய்வார், வாயால் ஒன்று செய்ய மாட்டார்.

என் அக்கா ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்தாள். பதினேழு நாளும் இவர் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. டாக்டர் வந்தால் எழுந்து நின்று வழிவிடுவார், அவ்வளவுதான். அந்த வார்டில் கைகழுவும் இடத்தில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் பையிலிருந்து ஸ்பானரை எடுத்துப் போய் அதைச் சரி செய்தார். நர்ஸ்கள் எல்லாம் அவரைப் புகழ்ந்தார்கள். பொண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்கத் துப்பில்லை, ஆஸ்பத்திரிக் குழாயில் என்னய்யா அக்கறை உனக்கு? மனசுக்குள்தான் திட்டினேன். வாயைத் திறந்தால் அக்கா கேட்டுவிடுவாள் என்று பயம்.

அவள் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். அவரும் என் அக்கா மகளும். அவளை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். இருபத்தைந்து வயது, கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலை. ஆனால் மனசெல்லாம் காரில் பாட்டுப் போடுகிற வேலையில். எனக்குக் கார் எலெக்ட்ரிக் கடை. சாயங்காலம் ஆனால் கடைக்கு வந்துவிடுவாள். "இந்த வயரை இப்படி இழுத்தா இரைச்சல் வரும் மாமா"ன்னு என்னையே திருத்துவாள். சுருக்கென்று கோபம் வரும். அப்புறம் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். அதில் இன்னும் கொஞ்சம் கோபம் வரும்.

அவளிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. அதன் டிக்கியில் வைக்க, தம்மென்று கனத்த சத்தம் கொடுக்கிற ஒரு சப்வூஃபர் பெட்டி செய்ய வேண்டும் என்று மூன்று மாதம் பாடுபட்டாள். ஸ்பீக்கர் என் கடையில் கிடந்த பழசு, பன்னிரண்டு அங்குலம். நல்ல சரக்கு. அந்தக் காலத்து ஸ்பீக்கர்களில் கூம்பைச் சுற்றி ஸ்பாஞ்ச் மாதிரி மெத்தென்று ஒரு வளையம் இருக்கும், அந்த ஜாதி. பெட்டிப் பலகையை அவளே அளந்தாள், அவளே அறுத்தாள். வட்டம் வெட்டும்போது இரண்டு பலகை வீணாயிற்று. பின்கட்டெல்லாம் மரத்தூள். அத்தான் ஒன்றும் சொல்லாமல் தினமும் கூட்டித் தள்ளினார்.

பெட்டி முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை வரச் சொன்னாள். அப்பாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து டிக்கிக்கு முன்னால் நிறுத்தினாள். அக்கா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இஸ்திரிக் கடைக்காரர் வேறு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். கீழ் வீட்டம்மா ஜன்னலில்.

பாட்டுப் போட்டாள். தம் தம்மென்று நெஞ்சில் வந்து இடித்தது. ஆனால் ஒவ்வொரு இடிக்கும் பின்னால் உஸ் உஸ்ஸென்று ஒரு காற்று. மூலைப் பொருத்தங்களில் பசை சரியாக ஏறவில்லை. இந்தப் பெட்டி காற்றுப் புகாமல் இருந்தால்தான் சத்தம் கெட்டியாக இருக்கும், இல்லாவிட்டால் இப்படித்தான் சீறும். முதல் பெட்டியில் எல்லோருக்கும் வருகிற குறைதான். எனக்கு வந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அத்தானுக்கு அந்தக் காது. முப்பத்தோரு வருஷம் ஒழுகலையே கேட்ட காது. அவர் பாட்டைக் கேட்கவே இல்லை.

"காத்துப் போகுது"ன்னார்.

"ஆமாப்பா, தெரியுது. எப்படி அடைக்கிறதுன்னு சொல்லுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணலாம்."

கேட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பெண் தானாகக் கேட்டாள். சேர்ந்து பண்ணலாம் என்றாள். இவர் என்ன சொல்ல வேண்டும்? சரிம்மா என்று ஒரு வார்த்தை. அந்த வாயில் அன்றைக்கு எது வந்து உட்கார்ந்ததோ தெரியவில்லை.

"நாலு பலகையை ஒழுங்கா ஒட்டத் தெரியல, இதுக்கு மூணு மாசம். தூக்கிக் குப்பையில போடு. உங்கம்மா இருந்தா தலையில அடிச்சுக்கிட்டிருப்பா."

இஸ்திரிக் கடைக்காரர் நைசாக நழுவினார். பாப்பா பாட்டை நிறுத்தினாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. டிக்கியை மெதுவாகச் சாத்திவிட்டு உள்ளே போனாள். பதினோராவது நாள் வேறு ஊரில் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு சூட்கேஸோடு பஸ் ஏறிவிட்டாள். கார்ச் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

பதினான்கு மாதம். என்னோடு பேசுவாள், அப்பாவோடு இல்லை. இவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் காரைக் கழுவினார். ஓடாத கார்! டயரில் புது மண்கூட ஒட்டியிருக்காது, அதைப் போய் பிரஷ் போட்டுத் தேய்த்தார். "ஒரு போன் போடுங்களேன் அத்தான், பெத்த பொண்ணுதானே"ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

"போட்டா என்னன்னு ஆரம்பிக்கிறது?" என்பார்.

"எப்படி இருக்கேன்னு ஆரம்பிங்க."

"அதுக்கு அவ ஏன் கேக்குறீங்கன்னு சொல்லிட்டா?"

இந்த ஆளிடம் என்னத்தைப் பேசுவது, சொல்லுங்கள்.

அப்படி இருக்கையில் ஒருநாள் பாப்பா எனக்குப் போன் போட்டாள். ஒரு பெரிய கார் ஆடியோ கடையில் வேலை கிடைத்துவிட்டதாம், இன்னும் தூரத்து ஊராம். "அடுத்த வாரமோ அதுக்கடுத்த வாரமோ வந்து காரை எடுத்துட்டுப் போயிடறேன் மாமா. அப்பாகிட்ட சொல்லிடுங்க." அதோடு விடாமல் ஒன்று கேட்டாள். "அப்பா எப்படி இருக்காரு?" வாசலில் நின்றே சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவாளோ என்று பயந்தேன். ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு வழி இருந்தது. அதை அப்படியே கொண்டுபோய் அத்தானிடம் சொன்னேன். அவர் கண் இரண்டு மூன்று தடவை கொட்டியது.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் கடைக்கு வந்தார். ஃபியூஸ் டப்பாக்களைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"மச்சான், சும்மா கேக்குறேன். ஒரு மரப்பெட்டி இருக்குன்னு வை. அதுல எங்க காத்துப் போகுதுன்னு எப்படிப் பாக்குறது? தண்ணிய ஊத்தி ரொப்பிப் பாத்தா தெரியும்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ அத்தான்! அது தூள் பலகை. தண்ணி பட்டா ரொட்டி மாதிரி ஊதிடும்!"

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேக்குற ஆளு சட்டைப் பையில ஓட்டை அடைக்கிற சிலிக்கான் டியூப் மூடி எதுக்கு?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்திப் பொருத்தங்களின் ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னேன், கூம்பை மெல்ல அமுக்கி அமுக்கி எடுத்தால் எங்கே சுடர் ஆடுகிறதோ அங்கே ஓட்டை. கூம்பை இரண்டு விரலால் அமுக்கிவிட்டால், பெட்டி கெட்டியாக இருந்தால் அது ஆற அமரத் திரும்பி வரும், ஓட்டை இருந்தால் டக்கென்று வந்துவிடும் என்றும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். நடையில் ஒரு வேகம்.

மத்தியானம் போய்ப் பார்த்தேன். மனுஷன் பெட்டியைக் காரிலிருந்து இறக்கி, ஸ்பீக்கரைக் கழற்றித் துணியில் சுற்றி ஓரமாக வைத்திருந்தார். சுடர் ஆடிய இடமெல்லாம் பென்சிலால் கோடு. ஏழு கோடு. உள் மூலைகளை உப்புத்தாளால் தேய்த்து, தூளை ஊதி, துடைத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஸ்பீக்கர் ஓட்டைக்குள் தோள்வரை கையை விட்டுச் சிலிக்கானை இழுத்துக்கொண்டிருந்தார். சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து ஒரே இழுப்பாக வழித்துவிடுவார். எட்டிப் பார்த்தேன். அளவெடுத்து வார்த்தது மாதிரி இருந்தது. நான் இந்தத் தொழிலில் இருபது வருஷம் இருக்கிறேன், இத்தனை சுத்தமாக ஒரு பெட்டியின் உள்பக்கத்தைப் பார்த்ததில்லை. வெளியே தெரியவே போகாத பக்கம் அது.

மூன்று டியூப் காலி. அரை டியூப் போதும் அந்தப் பெட்டிக்கு.

அந்த இடம் முழுக்க வினிகர் வாடை. மூக்கில் ஏறியது. வாஷ்பேசின் ஓரத்தில் போடுகிற பாத்ரூம் சிலிக்கானுக்கு அந்த வாடைதான். நான் முகர்ந்தேன், முகர்ந்துவிட்டுச் சும்மா நின்றேன். "நல்லா காய விடுங்க அத்தான், ரெண்டு மூணு நாள் திறந்தே கிடக்கட்டும், அப்புறமா ஸ்பீக்கரைப் பூட்டலாம்" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. காய்கிற வரைக்கும் அந்தச் சிலிக்கான் விடுகிற ஆவி ஒரு அமிலம், அது பழைய ஸ்பாஞ்சையும் அதன் பசையையும் தின்னும், உள்ளே இருக்கிற கம்பிச் சுருளை அரிக்கும், இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து ஒரு வண்டிக்காரன் போன் போட்டான். போய்விட்டேன்.

அவர் தொழிலில் அடைத்தால் அடைத்ததுதான். அடைத்த கையோடு மூடிவிட்டு வர வேண்டும், திறந்து போட்டுவிட்டு வந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். அதோடு இன்னொரு பயம். பாப்பா திடீரென்று நாளைக்கே வந்துவிட்டால்? அவள் பெட்டி குடலை உருவிப் போட்டது மாதிரி வாசலில் கிடந்தால்? மறுபடியும் நான் கெடுத்துவிட்டேன் என்று நினைக்க மாட்டாளா? ஆகவே அன்று சாயங்காலமே ஸ்பீக்கரைப் பூட்டினார். அதன் விளிம்பைச் சுற்றியும் சிலிக்கான் வைத்தார். இரண்டு விரலால் கூம்பை அமுக்கிப் பார்த்தார். ஆற அமரத் திரும்பி வந்தது. பெட்டியை மறுபடி டிக்கியில் ஏற்றி மூடினார். எனக்குப் போன் போட்டு, "மச்சான், மெதுவா வருது"ன்னார். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது குரல். நான் எதைச் சொல்கிறார் என்றுகூட யோசிக்காமல், "அப்ப பாஸ் ஆயிட்டீங்க"ன்னு வைத்துவிட்டேன். அப்போதாவது யோசித்திருந்தால் மறுநாளே கழற்றிப் போட்டிருக்கலாம். என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

பாப்பா மறுநாள் வரவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து வந்தாள். பன்னிரண்டு நாளும் அந்தக் கார் வெயிலில், டிக்கி மூடி, பெட்டி மூடி, உள்ளே மூன்று டியூப் சிலிக்கான் காயவும் வழியில்லாமல் வெந்துகொண்டு கிடந்தது. நான் புது பேட்டரி மாட்டப் போனபோது, "பாட்டுப் போட்டுப் பாக்கலாமா அத்தான்?" என்றேன். "வேணாம். அவதான் முதல்ல போடணும்"னு தடுத்துவிட்டார்.

அவள் வந்த அன்று காலையிலேயே கோழி வாங்கி வந்து அவரே சமைத்தார். அவருக்குச் சமைக்க வராது, ஆனாலும் சமைத்தார். இரண்டு தட்டு எடுத்து வைத்தார், என்னைப் பார்த்துவிட்டு மூன்றாவதும் வைத்தார். அவள் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கும் ஒரு நப்பாசை.

பதினோரு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். "நல்லா இருக்கீங்களா?" என்று பொதுவாகக் கேட்டாள், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பார்த்து. அத்தான் வாசல் குழாயில் கையைக் கழுவ ஆரம்பித்தார். ஏற்கனவே கழுவிய கை.

பையை வைக்க டிக்கியைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். பெட்டியின் விளிம்பில் ஓடிய சிலிக்கானை விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

"யார் பண்ணது?" என்று என்னைக் கேட்டாள்.

"வேற யாரு?"

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். அப்பா பக்கம் திரும்பினாள். அவர் குழாயை மூடினார், திறந்தார், மூடினார். அந்த ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். அக்காவுக்குக்கூட மனசுக்குள் சொல்லிவிட்டேன், பார்த்தாயா, உன் புருஷன் ஒருவழியாகச் சாதித்துவிட்டார் என்று.

பாப்பா முன்னால் போய்ப் பாட்டைப் போட்டாள். முதல் இடி சுத்தமாக வந்தது. உஸ் இல்லை. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் கரகரவென்று தேய்ந்து, பட்பட்டென்று அடித்துக்கொண்டது. ஓடிப்போய் நிறுத்தினாள். திருப்புளி எடுத்துத் திருகுகளைக் கழற்றினாள். சிலிக்கானைக் கத்தியால் அறுத்து ஸ்பீக்கரைத் தூக்கியதும் குப்பென்று அந்த வாடை. பன்னிரண்டு நாள் அடைபட்ட வாடை. எங்கள் கண்ணெல்லாம் எரிந்தது. ஸ்பாஞ்ச் வளையம் அவள் விரலோடு பிசுபிசுவென்று கையில் வந்துவிட்டது. உள்ளே அந்த அழகான சிலிக்கான் வரிசை இன்னும் பாதி ஈரமாக இருந்தது.

அவளுக்கு என்ன நடந்தது என்று உடனே தெரிந்துவிட்டது. இந்த வேலை தெரிந்தவள் அல்லவா! கோபப்படவில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"பாத்ரூம் சிலிக்கானாப்பா?"

அவர் வாசல் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரு போன் போட்டு, பாப்பா இதுக்கு என்ன போடணும்னு கேட்டிருக்கலாம்ல? மரப்பசைன்னு சொல்லியிருப்பேன். ஒரு நிமிஷம் ஆகுமா? பதினாலு மாசமா நான் எதிர்பாத்துட்டு இருந்தது அந்த ஒரு போனைத்தாம்பா. ஸ்பீக்கர் போனா போகட்டும்."

அவர் வாயைத் திறந்தார். நான் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அது பழைய ஸ்பீக்கரு. முன்னாடியே போயிருக்கும்"னார்.

அடப் பாவி மனுஷா!

பாப்பா பெட்டியைத் தனியாகவே டிக்கியிலிருந்து இறக்கிச் சுவரோரம் வைத்தாள். நான் பிடிக்கப் போனேன், "வேணாம் மாமா"ன்னாள். கையில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சைத் துணியில் துடைத்தாள். பையை வைத்தாள். "வர்றேம்பா"ன்னு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். உள்ளே மூன்று தட்டும் அப்படியே இருந்தன.

நான் கத்தினேன். அக்கா செத்தபோதுகூட நான் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. "என்ன மனுஷன்யா நீங்க? பன்னெண்டு நாள் முன்னாடி தோள்வரைக்கும் கையை விட்டு வழிச்சீங்களே, அதை வாயால சொல்றதுக்கு என்ன வந்துச்சு? பாப்பா, உனக்காகத்தான் பண்ணேன், தெரியாம கெட்டுப் போச்சுன்னு சொன்னா உங்க நாக்கு அழுகியா போயிடும்?" அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். நான் பார்த்து அவர் அழுதது அதுதான் முதல் தடவை. "சொல்ல வருது மச்சான். வாய் வரைக்கும் வருது. வெளிய வரும்போது வேற என்னமோ ஆயிடுது"ன்னார்.

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. என் போனை எடுத்து அவள் நம்பரைப் போட்டு அவர் காதில் வைத்தேன். இரண்டே மணியில் எடுத்தாள்.

"வண்டிய ஓரமா நிறுத்திட்டேன், சொல்லுங்க மாமா."

எனக்கே கேட்டது. அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உதடு அசைந்தது.

"மாமா? சொல்லுங்க. ஹலோ?"

ஒரு நிமிஷம் இருக்கும். அவள் வைக்கவில்லை. அவரும் பேசவில்லை. பிறகு போனை என் கையில் திணித்து, நீயே பேசு என்று ஜாடை காட்டினார்.

"ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் போட்டேன். பாத்துப் போ"ன்னேன்.

"அப்பா பக்கத்துல இருக்காரா மாமா?"

அவரைப் பார்த்தேன். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் எதற்காக அவர் பேச்சைக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"இல்லம்மா. உள்ள போய்ப் படுத்துட்டாரு."

அந்தப் பக்கம் வண்டிகள் போகிற சத்தம் கேட்டது.

"நீங்க போனை வாங்குற வரைக்கும் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டுச்சு மாமா. வச்சிடறேன்."

அது நடந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. இப்போது அவள் என் போனையும் எடுப்பதில்லை.